சபையில் பெயர் கொடுக்கத் தயங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் மாதம் ஆராதனை முடிகிற நேரத்தில் அறிவிப்பு வாசிப்பார்கள்: "விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்புகளுக்கு ஆசிரியர்கள் தேவை. விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கவும்." உடனே பாதிப் பேர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் பிள்ளைகளுக்கு அழகாகக் கதை சொல்கிறவர்களும் கல்யாண வீட்டில் நூறு பேருக்கு அசராமல் பரிமாறுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். சபை என்று வந்தால் மட்டும் கால் பின்னுக்குப் போகிறது. ஞாயிறு பள்ளியிலும் பாடகர் குழுவிலும் கூட நிற்கிறவர்களிடம் இப்படிப்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் போதகர் அல்ல. சபையார் ஒருவர் இன்னொரு சபையாருக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு என்ன வரம் இருக்கிறது என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ரோமர் 12ஆம் அதிகாரத்திலும் 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்திலும், ஊழியத்துக்காகக் கர்த்தர் அவரவருக்குக் கொடுக்கும் வரங்களின் பட்டியல் இருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு "இதில் எனக்கு எது?" என்று யோசிப்பதில் தவறில்லை. ஆனால் தனியாக உட்கார்ந்து யோசித்தால் அடக்கமானவர் ஒன்றுமே இல்லை என்று முடிப்பார், அடக்கமில்லாதவர் எல்லாமே இருக்கிறது என்று முடிப்பார். இரண்டாலும் சபைக்குப் பிரயோஜனம் இல்லை.

இதைவிட எளிய வழி, மற்றவர்கள் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள் என்று பார்ப்பது. யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதல் போன் உங்களுக்கு வருகிறதா? அரசாங்க விண்ணப்பம் நிரப்ப உங்களிடம் வருகிறார்களா? அழுகிற குழந்தையை உங்கள் கையில் கொடுக்கிறார்களா? வரம் அந்தப் பக்கம்தான் இருக்கும். உங்களுக்கு அது சாதாரணமாகத் தோன்றும். சுலபமாக வருகிற காரியத்தை யாரும் வரம் என்று நினைப்பதில்லை.

தேவை வாசலுக்கே வந்து நின்ற கதை ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனெரி குடும்பத்துப் பெண்ணாக இருந்தும் மிஷனெரியாக விரும்பவில்லை. தாயாருக்கு உடல்நிலை சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைக் காப்பாற்ற அழைத்தார்கள். டாக்டரான தகப்பனாரை அவர் கைகாட்டினார். ஆண் வைத்தியர் வேண்டாம் என்று மூன்று பேருமே மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவு வரைக்கும் மருத்துவம் தன் வேலை என்று ஐடா நினைத்ததில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. மறுநாளே அவர் மருந்துப் பெட்டியோடு கிளம்பிவிடவில்லை. அமெரிக்கா போய் வருடக்கணக்கில் படித்து, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். இன்றைய சிஎம்சி மருத்துவமனை அங்கிருந்து வளர்ந்தது. வாஞ்சை ஒரே இரவில் வரலாம், பயிற்சி அப்படி வராது.

நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. கர்த்தர் வேண்டாம் என்கிறாரோ?

இந்தக் கேள்விக்கு மோசேயிடம் போகலாம். யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள். எகிப்திலிருந்து இஸ்ரவேல் ஜனங்களை அழைத்துவரப் போ என்று கர்த்தர் சொல்ல, எரிகிற முட்செடிக்கு முன்னால் நின்றுகொண்டு மனுஷர் ஐந்து முறை தட்டிக்கழிக்கிறார். நான் யார்? உம்முடைய நாமம் என்னவென்று கேட்டால் என்ன சொல்வேன்? அவர்கள் என்னை நம்பமாட்டார்களே? எனக்குத் திக்குவாயாயிற்றே? முதல் நான்குக்கும் கர்த்தர் பொறுமையாகப் பதில் சொல்கிறார். ஐந்தாவது முறை மோசே காரணம் எதுவும் சொல்லவில்லை, வேறு யாரையாவது அனுப்பும் என்கிறார். அப்போதுதான் கோபம் வருகிறது. பயத்தைச் சொன்னதற்குக் கோபம் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கோபம் வந்த அந்த வசனத்திலேயே, அண்ணன் ஆரோன் ஏற்கெனவே புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறான் என்ற செய்தியும் இருக்கிறது. துணை அவருக்கு முன்பே ஏற்பாடாகியிருந்தது.

பவுலும் கொரிந்து சபைக்கு எழுதும்போது, பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்தான் உங்களிடத்தில் இருந்தேன் என்கிறார். பயம் இருந்ததால் அவர் போகாமல் இருக்கவில்லை.

ஆனால் எல்லாப் பயத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது. நாலு பேர் பார்ப்பார்களே, நாக்குக் குழறுமே, சிரிப்பார்களே என்கிற பயம் ஒரு வகை. அதை வைத்துக்கொண்டே போகலாம், போகப் போகக் குறையும். ரசீதுப் புத்தகம் இல்லாமல் காணிக்கைப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், மனம் உறுத்துகிறது என்றால் அது வேறு. சாகவேண்டும் போலிருக்கிறது என்று சொல்கிற பிள்ளைக்குத் தனியாக ஆலோசனை கொடுக்கச் சொன்னாலும் அப்படித்தான். அங்கே தயக்கம்தான் புத்தி. அந்தப் பிள்ளையோடு இருங்கள், ஜெபியுங்கள், ஆனால் அன்றைக்கே வீட்டாரிடம் சொல்லி மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். விசுவாசத்தில் அடி எடுத்து வைக்கிறேன் என்று தெரியாத வைத்தியம் பார்க்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறு வேதபாடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை மைக் முன்னால் நின்றதில்லை. என்ன செய்வது?

சம்மதம் சொல்லிவிட்டீர்கள் அல்லவா, பாதி முடிந்தது. மீதிக்கு எங்கள் பாடகர் குழுவில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதை அப்படியே சொல்கிறேன்.

எந்த அதிகாரம், எந்த வசனம் முதல் எந்த வசனம் வரை என்று வியாழக்கிழமைக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை கோவில் வாசலில் துண்டுச் சீட்டு வாங்குகிறவர்தான் திணறுவார். வீட்டில் வாய்விட்டு வாசியுங்கள். கண்ணால் வாசிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும், வாயில் வரும்போதுதான் எங்கே முட்டுகிறது என்று தெரியும். பெந்தெகொஸ்தே ஞாயிறு என்றால் அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரம் வரும். பார்த்தர், மேதர், ஏலாமீத்தர் என்று தொடங்கி கப்பத்தோக்கியா, பம்பிலியா என்று போகும். அனுபவசாலிகளே அங்கே ஒரு நிமிஷம் தடுமாறுவார்கள். இப்படிப்பட்ட பெயர்களைப் பென்சிலால் சின்னக் கோடு போட்டு அசை அசையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கப்பத்-தோக்-கியா. பத்துத் தடவை சொன்னால் நாக்குப் பழகிவிடும்.

உங்கள் சொந்த வேதாகமத்தையே கொண்டுபோங்கள். பீடத்தில் இருப்பது வேறு எழுத்தளவில் இருக்கலாம், கண்ணாடி போடுகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். முதல் வாக்கியத்தை, உங்களுக்கே இழுவையாகத் தோன்றும் அளவுக்கு மெதுவாகத் தொடங்குங்கள். பயத்தில் எல்லோரும் வேகமாகத்தான் வாசிப்பார்கள், அதனால் நீங்கள் நினைக்கிற மெதுவு கேட்கிறவர்களுக்குச் சரியான வேகமாக இருக்கும். தப்பாக வாசித்துவிட்டால் அந்தச் சொல்லை மட்டும் திருத்தி வாசித்துவிட்டு மேலே போங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். முடிந்ததும் உடனே ஓடாமல், வாசிப்பை முடிக்கும் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நடந்து வாருங்கள்.

கால் நடுங்கும். சேலையோ வேட்டியோ மறைத்துக்கொள்ளும்.

தாலந்து உவமையைக் கேட்டால் பயம்தான் கூடுகிறது. புதைத்தவனைப் புறம்பான இருளில் தள்ளிவிட்டார்களே?

மத்தேயு 25. பிரசங்கத்தில் இதைச் சாட்டையாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கதையை நிதானமாகப் பார்ப்போம். வெளியூர் போகிற எஜமான் மூன்று வேலைக்காரரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை ஒப்படைக்கிறார். முதல் இருவர் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள், மூன்றாமவன் மண்ணில் புதைத்து வைக்கிறான்.

ஒரு தாலந்து என்பது சில்லறைக் காசு அல்ல. ஏறக்குறைய 6000 வெள்ளிப் பணம். ஒரு பணம் கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம். அதாவது கிட்டத்தட்ட 20 வருடக் கூலி. குறைவாக வாங்கியவனுக்கே அவ்வளவு. அதனால் "எனக்குக் கொஞ்சம்தான் கொடுத்திருக்கிறார்" என்கிற பேச்சுக்கு இந்தக் கதையில் இடமில்லை. ஐந்தை வாங்கியவனுக்கும் இரண்டை வாங்கியவனுக்கும் கிடைத்த பாராட்டு ஒரே பாராட்டுத்தான். 21ஆம் வசனத்தையும் 23ஆம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் அதிகம் சம்பாதித்தது என்று எஜமான் ஒப்பிடவே இல்லை.

மூன்றாமவன் திருடவில்லை, குடித்து அழிக்கவும் இல்லை. அந்தக் காலத்தில் பணத்தை மண்ணில் புதைப்பது பத்திரமான வழியாகவே கருதப்பட்டது. அவனுடைய கோளாறு எஜமானைப் பற்றி அவன் வைத்திருந்த எண்ணத்தில் இருக்கிறது. நீர் கடினமுள்ள மனுஷன் என்று அறிவேன், அதனால் பயந்தேன் என்கிறான். நம்பி இவ்வளவு பணத்தை விட்டுப்போனவரைப் பற்றி இப்படியா நினைப்பது!

பலரும் தாண்டிப்போகும் இன்னொரு வசனம் இருக்கிறது. குறைந்தபட்சம் காசுக்காரர் வசத்திலாவது போட்டிருக்கலாமே என்கிறார் எஜமான். வியாபாரம் செய்யத் தைரியமில்லாதவனுக்கும் ஒரு சிறிய வழி இருந்திருக்கிறது. தனியாக வகுப்பு எடுக்க முடியாதவர், எடுக்கிறவருக்குப் படம் வரைந்து கொடுக்கலாம், வருகைப்பதிவு எடுக்கலாம். அங்கே ஆரம்பித்து இன்றைக்கு வகுப்பு எடுக்கிறவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது தையலும் கணக்கும்தான். இதெல்லாம் ஊழியத்தில் சேருமா?

தாராளமாக. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரம் செய்யப் பெசலெயேலைப் பெயர் சொல்லி அழைத்தேன், அவனை தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று யாத்திராகமம் 31 சொல்கிறது. அவர் பிரசங்கியார் அல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்கிற கைகாரர். யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் இறந்தபோது, விதவைகள் பேதுருவைச் சுற்றி நின்று அழுதுகொண்டே, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள். அவள் பேசிய ஒரு வார்த்தைகூட வேதாகமத்தில் இல்லை. 1 கொரிந்தியர் 12:28இல் அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள் வரிசையிலேயே உதவி செய்கிற வரமும் நிர்வாகம் செய்கிற வரமும் இருக்கின்றன.

கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். சபைகளில் சண்டை வருவதே பெரும்பாலும் அசன (சபை விருந்து) கணக்கிலும் கட்டட நிதியிலும்தான். வரவு செலவை எக்செலில் ஒழுங்காகப் போட்டு, பில்களைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற ஒருவர் இருந்தால் எத்தனை மனஸ்தாபங்கள் முளையிலேயே போய்விடும்! நல்ல பாடகர் கிடைத்துவிடுவார். நல்ல பொருளாளர் கிடைப்பதுதான் கஷ்டம்.

நான் மருமகள். மாமியார் வீட்டில் இதற்கெல்லாம் விடமாட்டார்கள். என்ன செய்ய?

"விசுவாசம் இருந்தால் எதிர்த்து நில்" என்று உங்களிடம் சொல்ல மாட்டேன், சொல்கிறவர்கள் உங்கள் வீட்டில் குடியிருக்கப் போவதில்லை. வீட்டில் நேரடியாக இடிக்காத வேலையில் தொடங்குங்கள். ஆராதனைக்கு எப்படியும் வரப்போகிறீர்கள், அதற்கு முந்தின முக்கால் மணி நேரம் ஞாயிறு பள்ளி. மாமியாரையே பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அழைத்துக்கொண்டு போகலாம். பல வீடுகளில் இது நன்றாகவே வேலை செய்திருக்கிறது. போதகர் அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டால் இன்னும் சுலபம்.

பெண்கள் எங்கே முன்னால் வந்தார்கள் என்று கேட்பவர்களுக்குப் பாளையங்கோட்டையைக் காட்டுங்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை குளோரிந்தா, 1778இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருந்தது நாற்பது பேர், முதல் பெயர் அவருடையது. 1785இல் அவர் முயற்சியில் எழும்பிய கோவிலைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்று இன்றைக்கும் சொல்கிறோம். விதவை, சாதியை விட்டு வந்தவள், ஊருக்குப் புதியவள் என்று அன்றைய சமூகம் ஒதுக்குவதற்கு எல்லாக் காரணங்களும் அவரிடம் இருந்தன. திருநெல்வேலித் திருச்சபையின் சரித்திரமே அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 2013இல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயராக அபிஷேகம் பெற்று, தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானார்.

வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரவேண்டும் என்று தோன்றுகிறது. வரலாமா?

அவசரப்பட வேண்டாம். இதற்கு வெள்ளாளன்விளைக்காரர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கையைப் பார்க்கச் சொல்வேன். 1874இல் பிறந்தவர். ஒய்எம்சிஏ என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் செயலாளராக இருந்து ஊர் ஊராகச் சுற்றினார். யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களாகவே காணிக்கை சேர்த்து வெளியிடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். அது அவரை உறுத்தியது. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு அந்தச் சங்கம் ஊழியரை அனுப்பியது. இவர் ஒய்எம்சிஏ வேலையில் இருந்துகொண்டே அதைக் கவனித்துவந்தார்.

1909இல்தான் குருத்துவ அபிஷேகம் பெற்றுத் தாமே தோர்ணக்கலுக்குக் குடிபோனார். வயது முப்பத்தைந்து. நிஜாம் ராஜ்யம், புது மொழி, நகர வசதி எதுவும் இல்லாத இடம். தெலுங்கைக் கற்றுக்கொண்டு அந்த ஜனங்களோடு வாழ்ந்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1945இல் இறக்கும்வரை தோர்ணக்கல்தான் அவர் ஊர்.

1903க்கும் 1909க்கும் நடுவில் ஆறு வருடம் இருப்பதைப் பாருங்கள். அவர் வேலையில் இருந்தபடியே செய்து பார்த்தார், கொடுத்தார், மற்றவர்களோடு சேர்ந்து தீர்மானித்தார். நீங்களும் சனி, ஞாயிறுகளில் செய்து பாருங்கள். மனைவியோ கணவரோ சம்மதிக்கிறாரா, கடன் இருக்கிறதா, உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பெரியவர்கள் ஆம் என்கிறார்களா என்று பாருங்கள். மேலதிகாரியோடு சண்டை போட்ட வாரத்தில் வருகிற அழைப்பைக் கொஞ்சம் ஆறப்போடுவது நல்லது.

நான் தயார். ஆனால் வாய்ப்பே தருவதில்லை. எப்போதும் அதே நாலு குடும்பம்தான்.

உண்மைதான், பல சேகரங்களில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) இப்படி இருக்கிறது. சேகரக் கமிட்டித் தேர்தல், குடும்பப் பகை, சாதி என்று இதற்குப் பின்னால் இருக்கும் அசிங்கங்களை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. "பொறுமையாக ஜெபியுங்கள்" என்பது மட்டும் பதிலாகாது. நேராகப் போய்ப் போதகர் ஐயரிடம் கேளுங்கள். "ஏதாவது செய்யட்டுமா" என்று பொதுவாகக் கேட்டால் "பார்ப்போம் தம்பி" என்று பொதுவாகவே பதில் வரும். "எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு ஞாயிறு பள்ளியில் ஆசிரியர் இல்லை, நான் ஜூன் முதல் எடுக்கட்டுமா?" என்று கேட்டால் அவரால் சுலபமாகச் சரி என்று சொல்ல முடியும்.

அங்கேயும் கதவு திறக்கவில்லை என்றால், கோவில் சுவருக்கு வெளியே யாருடைய அனுமதியும் தேவைப்படாத வேலை நிறைய கிடக்கிறது. படுத்த படுக்கையாக இருக்கும் முதியவருக்கு வாரம் ஒருமுறை வேதாகமம் வாசித்துக்காட்டக் கமிட்டித் தீர்மானம் வேண்டியதில்லை.

முன்னால் வந்து நிற்பது பெருமை ஆகிவிடாதா?

ஆகலாம். பின்னால் நின்றுகொண்டு "நான் எவ்வளவு தாழ்மை" என்று நினைப்பதும் ஆகலாம்.

எனக்கு அறுபத்தைந்து வயது. இனிமேலா?

பார்வோன் முன் நின்றபோது மோசேக்கு 80, ஆரோனுக்கு 83. ஆனால் ஆசரிப்புக் கூடாரத்தில் பணிசெய்த லேவியர்கள் ஐம்பது வயதில் பாரமான வேலையை விட்டு, சகோதரருக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று எண்ணாகமம் 8இல் ஒழுங்கும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். பந்தல்கால் நடுகிற வேலையை வாலிபர்களிடம் விடுங்கள். பாதிப் பேருக்கு மறந்துபோன பழைய கீர்த்தனை ராகங்கள் உங்களிடம் இருக்கும். அவற்றைப் பாடகர் குழுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், போனில் பதிவு செய்யவும் விடுங்கள்.

எனக்கு எதிர்ப்பக்கக் கஷ்டம். ஒருமுறை சரி என்றேன், இப்போது எல்லாம் என் தலையில்.

மாமனார் எத்திரோ மோசேயிடம் சொன்னது உங்களுக்குத்தான்: நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் உம்மோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் (யாத்திராகமம் 18). பழகிய எல்லையைத் தாண்டுவது உங்களைப் பொறுத்தவரை "முடியாது" என்று சொல்வதாக இருக்கலாம். மற்றவர்களுக்கு மைக் பயம் என்றால், உங்களுக்கு அந்த ஒரு சொல். மூன்று பொறுப்பு இருந்தால் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, மற்ற இரண்டுக்கும் இப்போதே ஒவ்வொருவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். அவர்கள் உங்களைப் போலச் செய்ய மாட்டார்கள். முதல் வருடம் கிறிஸ்மஸ் பவனியில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற மறந்துவிடுவார்கள். பரவாயில்லை.

என் மகன் நன்றாகப் பாடுவான், ஆனால் மேடை என்றால் அழுகிறான். தள்ளிவிடலாமா?

வேண்டாம். பெரியவர்கள் தாங்களாக எடுக்கும் முடிவு வேறு, பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துவது வேறு. கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல் ரவுண்டில் பத்துப் பேரோடு சேர்ந்து பாடட்டும், வீட்டு ஜெபத்தில் பாடட்டும். கிறிஸ்மஸ் நாடகத்தில் திரை இழுக்கும் வேலை அவனுக்குப் பிடித்திருந்தால் அதையே கொடுக்கச் சொல்லுங்கள். தனிப்பாட்டு வேண்டும் என்று அவனே கேட்கும் வருடம் வந்தால், அப்போது சுருதி பார்க்க நல்ல ஆளிடம் அனுப்புங்கள்.